பென்சிலில் எழுதிய பெயர்கள்

கூட்டத்துக்கு வர முடியாத ஒருவர் ஒரு சங்கத்தில் ஏன் உறுப்பினராக இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன். கேட்டுச் சில வருடங்கள் ஆகின்றன. யாரிடம் கேட்டேனோ அவர் ஒரு பதில் சொன்னார். அது சரிதானா என்று எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலேயே அதன்படி நடந்துகொண்டிருக்கிறேன்.

அவர் எங்கள் பல் மருத்துவர் சங்கத்தின் கிளைச் செயலாளராக இருந்தவர். சங்கம் நாடு முழுவதும் உண்டு. எங்கள் கிளை ஜவ்வாது மலைக்கும் அடிவாரத்து ஊர்களுக்குமானது. அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது போன் செய்து, "பேரெல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க. சந்தா கட்டிட்டீங்களா?" என்று கேட்பார் என்ற பயம்.

முதலில் அவரைப் பார்த்தது கல்லூரியில், நான் பயிற்சி மருத்துவராக இருந்த கடைசி மாதம். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரே ஒரு பென்சில். மேசைமேல் உறுப்பினர் படிவங்கள். கையெழுத்துப் போடுவதற்கான பேனாவை மேசைக் காலோடு கட்டிவைத்திருந்தார். கட்டியிருந்தது, பல் இடுக்கைச் சுத்தம் செய்கிற ஃப்ளாஸ் நூலால்.

"போன வருஷம் பதினோரு பேனா போச்சும்மா" என்றார். "இந்த நூலு அறுந்துச்சுன்னா கம்பெனிக்காரனுக்கு நானே லெட்டர் போடுவேன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்று கேட்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர்களைக் காக்கவைப்பது தப்பு என்று தோன்றியது. வாழ்க்கையில் பல முடிவுகளை நான் இப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

படிப்பு முடிந்ததும் புதூர்நாட்டில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனையில் வேலை கிடைத்தது. சுற்றியிருந்த ஊர்களுக்குப் பல்லுக்கு நான் ஒருத்திதான். உதவிக்குப் பூங்காவனம் அக்கா. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். கருவிகளைக் கொதிக்க வைப்பார், விளக்கைப் பிடிப்பார், நாற்காலியில் உட்கார்ந்து நடுங்குகிறவர்களிடம் அவர்கள் மாமியாரைப் பற்றி விசாரித்துப் பயத்தைப் போக்குவார்.

முதல் வருடம் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்கிற கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது, செயலாளர் ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் பாதி எலுமிச்சம்பழம். முகம் வெளுத்திருந்தது. மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்திருந்தார்.

பூங்காவனம் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா மேடம், பல்லு புடுங்கறதுக்கு முன்னாடியே இவரு இப்படி கீறாரு."

"நான் பல்லு புடுங்கிக்க வரலம்மா. இவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்க வந்தேன்."

"ஒரு கையெழுத்துக்கா இவ்ளோ தூரம்? போன் பண்ணா ஆகாதா?"

"பண்ணேன். அம்பது தடவ பண்ணேன். எடுத்தா தானே."

அந்தக் காலத்தில் எங்கள் மருத்துவமனைக்குள் சிக்னல் கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிற மேட்டில் ஏறினால்தான் போன் பேசும். அதை அவரிடம் சொன்னேன். உடனே அவருக்குக் கோபம் போய்க் கவலை வந்துவிட்டது.

"அப்ப ஒரு சந்தேகம்னா யாரக் கேப்பீங்க?"

"புத்தகத்துல பாப்பேன் சார்."

"புத்தகம் திருப்பிக் கேக்காதே டாக்டர். 'நோயாளிக்கு இன்னா வயசு'ன்னு கேக்குமா?"

கதவுக்குப் பின்னால் சுவரில், சட்டைப் பையிலிருந்த பென்சிலை எடுத்து ஐந்து போன் எண்களை எழுதினார். அறுவை சிகிச்சைக்கு ஒருவர், குழந்தைப் பல்லுக்கு ஒருவர் என்று. எல்லோரும் சங்கத்து ஆட்கள். "எப்ப வேணா கூப்புடலாம். எடுக்கலன்னா எனக்குச் சொல்லுங்க, நான் அவங்க வூட்டுக்கே போறேன்" என்றார். போவார் என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

அந்த எண்கள் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் உதவின. நெல்லிவாசல் பக்கத்திலிருந்து நடந்தே வந்த ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லை எடுத்தேன். ரத்தம் நிற்கவில்லை. பல் எடுப்பதற்கு முன்னால் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்றவர், எடுத்த பிறகுதான் இதயத்துக்குச் சாப்பிடுகிற மாத்திரையைப் பற்றிச் சொன்னார். ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை. தையல் போட்டேன். மடித்த துணியைக் கடிக்கவைத்தேன். ஆனால் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கச் சிவப்பாகவே இருந்தது. பூங்காவனம் அக்காவை அவர் பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தொட்டி மேட்டுக்கு ஓடினேன்.

சுவரிலிருந்து கைபேசியில் பதிந்து வைத்திருந்த எண்களில் முதலாவது, வேலூர்ப் பக்கத்து அறுவை சிகிச்சை மருத்துவருடையது. அவர் என்னைப் பார்த்ததே இல்லை. எந்தக் கிளை என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, பென்சில்காரர் கிளையா? சொல்லுங்கம்மா."

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்க செஞ்சது எல்லாமே சரி" என்றார். "இனிமே ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. துணிய எடுத்துப் பாக்காதீங்க. கடிகாரத்தப் பாருங்க. இருபது நிமிஷம். அப்பவும் நிக்கலன்னா ஜீப்புல ஏத்திக் கீழ அனுப்புங்க, நான் ஆஸ்பத்திரியில சொல்லி வெக்கிறேன்."

திரும்பி ஓடிவந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபதாவது நிமிடம் துணியை எடுத்தபோது ரத்தம் நின்றிருந்தது. நோயாளி வாயைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருந்தேன். நீங்க ஓடனதப் பாத்துதான் மேடம் பயந்துட்டேன்" என்றார். அந்த அறுவை சிகிச்சை மருத்துவர் எனக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது.

இதைச் சொன்னவள் சங்கடங்களையும் சொல்ல வேண்டும். கிளைக் கூட்டம் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே டவுனில் ஒரு ஹோட்டல் அறையில், மாலை நான்கு மணிக்கு. மலைக்குத் திரும்பும் கடைசி ஜீப் ஐந்து மணிக்கு. ஆகவே எந்த உரையிலும் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். பல் வேர் சிகிச்சையில் வந்திருக்கும் புதிய முறைகளின் முதல் பாதி எனக்கு நன்றாகத் தெரியும். சங்கத்தின் மாத இதழ் நான்கு மாதத்துக்கும் மொத்தமாகச் சேர்ந்து வரும். அதில் பாராட்டிய இயந்திரங்களில் பாதியை வாங்கினாலும் எங்கள் ஊர் மின்சாரத்தில் ஓடாது.

செயலாளரிடம் நீளமான கெட்டி அட்டை நோட்டு ஒன்று உண்டு. புதுப்பித்தவர்கள் பெயர் பேனாவில் இருக்கும். புதுப்பிக்காதவர்கள் பெயர் பென்சிலில். யார் பெயரையும் அவர் அடித்ததில்லை. வெளிநாடு போய்ப் பத்து வருடம் ஆனவர் பெயர்கூடப் பென்சிலில் இருந்தது. பல் மருத்துவத்தையே விட்டுவிட்டு டவுனில் இரும்புக்கடை வைத்துவிட்ட ஒருவர் பெயரும் இருந்தது. செயலாளர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அந்தக் கடைக்குப் போய்க் கதவுக்கு இரண்டு கீல் வாங்குவார். வாங்கிவிட்டு, "அப்புறம், இருக்கீங்களா டாக்டர்?" என்பார். கடைக்காரர், "நான் இப்ப டாக்டர் இல்ல சார்" என்பார். "சரி, அடுத்த தடவ கேக்கறேன்" என்று வந்துவிடுவார். அவர் வீட்டில் கதவுகளைவிடக் கீல்கள் அதிகம் என்று அவர் மனைவி ஒரு கூட்டத்தில் சொன்னார்.

எனக்குக் கல்யாணமாகி, பெண் குழந்தையும் பிறந்தது. கணவர் புதூர்நாட்டுப் பள்ளியில் ஆசிரியர். பிரசவத்துக்குக் கணியம்பாடியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் போன். கணவர் எடுத்தார்.

"டாக்டர் இருக்காங்களா? வாழ்த்துச் சொல்லத்தான் கூப்ட்டேன். கொழந்தைக்குப் பல்லு மொளைக்க ஆறு மாசம் கீது, அவசரம் இல்ல. படிவத்துக்குத்தான் இந்த மாசம் கெடு."

கணவர் போனை வைத்துவிட்டு, "தொட்டில் கட்டறதுக்கு முன்னாடி சந்தா கட்டணும் போல" என்றார்.

அந்த வருடம் கட்டவில்லை. அடுத்த வருடமும் இல்லை. ஒரு தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். உரை தொடங்கிய ஐந்தாவது நிமிடம் அழுதாள். இரண்டு பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஊரே பார்த்த மாதிரி இருந்தது. மீதி நேரம் ஹோட்டலின் கைகழுவும் இடத்தில் அவளைத் தோளில் போட்டு உலாத்தினேன். அன்றைக்கு முதல் பாதியும் போயிற்று. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் தாய் இல்லாமல் அழுவாளோ என்ற கவலை, கூட்டிப்போனால் மற்றவர்களுக்குத் தொந்தரவோ என்ற கவலை. அப்போதுதான் போனில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். வர முடியாதவள் எதற்கு சார் உறுப்பினராக இருக்க வேண்டும்?

"வர முடிஞ்சவங்களுக்கு எதுக்கு டாக்டர் சங்கம்? அவங்க டீக்கடையிலயே பாத்துப் பேசிக்குவாங்க. வர முடியாதவங்களுக்குத்தான் அது" என்றார்.

கேட்க நன்றாக இருந்தது. கேட்க நன்றாக இருப்பதாலேயே சரியாகிவிடுமா என்று குழந்தையைத் தூங்கவைக்கும்போது யோசித்தேன்.

பிறகு சங்கத்தின் கணினியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தொடர்ந்து புதுப்பிக்காததால் என் பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. இந்த மாதத்துக்குள் சேர்ந்தால் பழைய வருடங்கள் தொடரும். தவறினால் புது ஆளாக முதலிலிருந்து தொடங்க வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. செய்ய முடியாத கடமைகளில் ஒன்று குறைந்தது. அந்த நிம்மதி தப்போ என்று உடனே ஒரு உறுத்தலும் வந்தது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்றார் பூங்காவனம் அக்கா.

"ஒண்ணும் இல்லக்கா. சங்கத்துல என் பேர எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

"கூட்டத்துக்குப் போகல. கட்ட வேண்டியதக் கட்டல."

அக்கா கொதிக்கிற கருவிகளை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருஷமா."

"அந்தக் கூட்டம் எங்க, எப்போ நடக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா அடுப்புப் பக்கம் திரும்பினார். அதை எதற்குக் கேட்டார் என்று நான் அப்போது யோசித்திருக்க வேண்டும்.

அக்காவின் ஊரில் ஊர்க்கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு ஆள் போக வேண்டும். வராமலும் திருவிழா வரி கொடுக்காமலும் இருக்கிற வீட்டைத் தள்ளிவைப்பார்கள். நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வீட்டுப் படி ஏற மாட்டார்கள். தள்ளிவைக்கப்பட்டவர் தானே போய்க் கேட்கவும் முடியாது. அவருக்காக வேறு வீட்டார் வெற்றிலை பாக்குத் தட்டோடு போய் நின்று, சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த மாதக் கூட்டத்துக்கு நான் போனேன், குழந்தையோடு. இனிச் சேராமல் விலகிக்கொள்வதைப் போனில் சொன்னால் மரியாதை இல்லை, நேரில் சொல்லிவிடலாம் என்று. முப்பது பேர் இருந்தோம். ஒரு இளம் மருத்துவர் திரையில் பல் வேரின் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது.

முதலில் உள்ளே வந்தது பலாப்பழ வாசனை. அதற்குப் பின்னால் அக்காவின் ஊர்த் தலைவர், ஊர்க்கவுண்டர் என்று சொல்வார்கள், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக. அவர் பின்னால் பூங்காவனம் அக்கா, கையில் பித்தளைத் தட்டு, அதில் வெற்றிலை பாக்கு. கடைசியாக ஜீப் ஓட்டுநர், தோளில் முழுப் பலாப்பழம்.

"இங்க நாட்டாண்மை யாருங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

கிளைத் தலைவர் முன் வரிசையில்தான் இருந்தார். ஆனால் எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். தலைவரும் அவரைத்தான் பார்த்தார். செயலாளர் எழுந்தார்.

அக்கா தட்டை நீட்டினார். "எங்க பல்லு மேடத்தத் தள்ளி வெச்சுட்டீங்களாம். கொழந்த சின்னது. மலையில பஸ்ஸு சரியில்ல. அவங்க வராதது அவங்க தப்பு இல்லீங்க. எங்க ஊரு சார்பா கேக்கறோம், சேத்துக்குங்க."

நான் குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். யாரோ சிரித்தார்கள். செயலாளர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், சிரிப்பு நின்றது. கணினி, கெடு, பட்டியல் எதையும் அவர் விளக்கப் போகவில்லை. செருப்பைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு நோட்டைத் திறந்து ஊர்க்கவுண்டரிடம் காட்டினார்.

"ஐயா, இதப் பாருங்க. எங்க கூட்டத்துல யாரையும் தள்ளி வெக்கறது கெடையாது. இதோ அவங்க பேரு."

ஊர்க்கவுண்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது பென்சில்லதானே கீது."

"ஆமாங்க. பேனாவுல அவங்கதான் வந்து எழுதணும்."

"அப்ப தண்டம் ஒண்ணும் இல்லியா?"

"அது எப்படி இல்லாம? இந்தப் பழத்த இங்கயே அறுக்கணும்."

ஹோட்டல் சமையலறையில் கத்தி தர மாட்டோம் என்றார்கள். செயலாளர் இரும்புக்கடைக்காரருக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் அவர் ஒரு புதுக் கொடுவாளும் எண்ணெய்ப் பாட்டிலுமாக வந்து, தரையில் செய்தித்தாளை விரித்துப் பழத்தைப் பிளந்தார். பால் கையில் ஒட்டாமல் இருக்க எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டார்கள். வெளியே கடை விரித்திருந்த மருத்துவப் பொருள் விற்பனையாளர் ஒரு பெட்டி கையுறையை இலவசமாகக் கொடுத்தார். முப்பது பல் மருத்துவர்கள் கையுறையோடு சுளை உரிப்பதைப் பார்த்து அக்கா சொன்னார்: "ஒரு பழத்துக்கு இத்தினி டாக்டரா. பொழைச்சுக்கும்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்தார். "மேடம், நீங்களும் இங்கதான் கீறீங்களா? சொல்லியிருந்தா ஒரே ஜீப்புல வந்திருக்கலாமே."

"ஆளும் கீது. ரொம்ப நல்லதாப் போச்சு. எழுதும்மா" என்றார் ஊர்க்கவுண்டர்.

விலகுவதாகச் சொல்ல வந்தவள் வாயில் பலாச்சுளை இருந்தது. ஃப்ளாஸ் நூலில் கட்டிய பேனாவைச் செயலாளர் நீட்டினார். பென்சில் பெயருக்கு மேலேயே பேனாவால் எழுதினேன். விரும்பி எழுதினேனா, அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் எழுதினேனா என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் இரண்டு விதமாகவும் சொல்வேன். அந்தப் பக்கத்தில் பலாப்பழ ஈரம் பட்ட கறை இன்னும் இருக்கிறது.

அடுத்த மாதம் முதல் கூட்டம் பகல் இரண்டு மணிக்கு மாறியது. எனக்காக மாற்றியதாக அவர் சொல்லவில்லை. "சாயங்காலம் எல்லாருக்கும் கொட்டாவி வருது" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உரையின் இரண்டாம் பாதியைக் கேட்டேன். இரும்புக்கடைக்காரர் பழம் அறுத்த அன்றைக்கு ஒரு படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். நிரப்பினாரா என்றால், நான் பார்த்தவரை நோட்டில் அவர் இன்னும் பென்சில்தான்.

போன வருடம் செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். போவதற்கு முன் ஜீப் ஓட்டுநரிடம் எனக்கு ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருந்தார். உள்ளே நோட்டு, ஒரு புதுப் பென்சில், பிரிக்காத இரண்டு கீல்கள். மலைப் பக்கத்து உறுப்பினர்களை நான் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று கிளையிலும் கேட்டிருக்கிறார்கள். இப்போது புதுப்பிப்பதெல்லாம் கைபேசியிலேயே முடிந்துவிடும். நினைவூட்டும் செய்தியும் தானாகப் போகும். ஆனால் "இருக்கீங்களா டாக்டர்?" என்று கேட்க மட்டும் ஆள் இல்லை.

நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நோட்டு அலமாரியில் இருக்கிறது. போன வாரம் என் மகள் அந்தப் பென்சிலால் ஒரு பக்கத்தில் பெரிய யானை வரைந்துவிட்டாள். யானையை அழித்தால் அடியில் இருக்கிற பெயர்களும் அழிந்துவிடும். விட்டுவைத்திருக்கிறேன்.

யானையின் காலுக்குக் கீழே ஒரு பெயர் இருக்கிறது. மலையின் அந்தப் பக்கம் வேலை பார்க்கும் இளம் மருத்துவர், கையில் ஏழு மாதக் குழந்தை. இரண்டாவது கெடுவையும் தவறவிடப் போகிறார். முந்தாநாள் அவருக்குப் போன் செய்தேன். எடுத்தார். பின்னால் குழந்தை அழுதது. எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிட்டது. "சும்மாதான் கூப்ட்டேன்" என்று வைத்துவிட்டேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ என்று அன்றைக்கு முழுவதும் யோசித்தேன்.

இதைப் படிக்கிறவர்களில் கைக்குழந்தையோடு ஒரு சங்கத்திலோ குழுவிலோ இருந்தவர்கள் இருப்பீர்கள். தொடர்ந்தவர்களும் இருப்பீர்கள், விலகியவர்களும் இருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்களைக் கூப்பிட்ட போன் உங்களுக்குப் பாரமாக இருந்ததா, துணையாக இருந்ததா? எனக்கு எழுதுங்கள். மறுபடியும் அவரைக் கூப்பிட்டால் நான் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள். வர முடியாதவள் எதற்கு உறுப்பினராக இருக்க வேண்டும் என்று அவர் திருப்பிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்றும். கெடு இந்த மாதக் கடைசி. நீங்கள் எழுதுவதற்குள் அது முடிந்தாலும் பரவாயில்லை. அந்தப் பெயரை நான் அழிக்கப் போவதில்லை. அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.